பட்டி பார்ப்பதற்கு முன்: ஃபைபர் படகுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள படகுக்கார அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

ஃபைபர் படகின் அடிப்பக்கத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் எழுதுகிறேன். கரையில் என்னிடம் வருகிற பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "சின்ன விரிசல்தான்ப்பா. மேல ரெண்டு மேட் ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சு விட்டுடு. விடியக்காலம் தள்ளணும்." முடியாது என்று சொன்னால் படகு இன்னொரு கைக்குப் போகும். பிறகு அதே விரிசல், அதே இடத்தில், முன்னைவிட ஒரு முழம் நீளமாகத் திரும்பி வரும்.

வேலையை யாரிடம் கொடுத்தாலும் சரி, கொடுப்பதற்கு முன் உங்கள் படகை உங்களுக்கே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல். சொல்ல வருவது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிகிற விரிசல் சேதத்தின் ஓரம். நடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் மூடினால் காசும் போகும், படகும் போகும்.

கட்டுமரம் ஓட்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஒவ்வொரு மரமும் தினமும் கையில் படும். எது ஊறிக் கனத்திருக்கிறது என்று தூக்குகிறவன் தோளுக்கே தெரிந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் வந்தது. நிவாரணத்துக்குப் படகுகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டதால் அவற்றைச் செய்யக் கூடங்கள் அவசர அவசரமாக முளைத்தன. நல்ல வேலையும் வந்தது, அரைகுறை வேலையும் வந்தது. அப்போது வந்த படகுகள் போனாலும் அந்த அவசரம் எல்லா இடத்திலும் போய்விடவில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு படகுகளுக்கு அடிக்கனம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இன்றைக்கும் நம்ப முடியாது. ஃபைபரை யாரும் பிரித்துக் காயப்போடுவதுமில்லை. மேலே பளபளவென்று இருந்துகொண்டே அது உள்ளுக்குள் ஊறும்.

எது பாரம் தாங்குகிறது?

உங்கள் படகின் பலம் கண்ணாடி இழையில் இருக்கிறது. ரெசின் அந்த இழைகளை அசையாமல் பிடித்து வைக்கிறது, தண்ணீரைத் தடுக்கிறது. வெளியே தெரிகிற நிறம் ஜெல்கோட். அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் இழை கிடையாது, பலமும் கிடையாது. ஜெல்கோட் மட்டும் கீறியிருந்தால் அது அரை நாள் வேலை. கீழே இழை அறுந்திருந்தால் கதையே வேறு. இந்த இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கிரைண்டரை வைத்துத் திறந்தால்தான் உறுதியாகத் தெரியும்.

படகு புதிதாகச் செய்யும்போது, ஒரு அடுக்கு முழுதாக இறுகுவதற்குள் அடுத்த அடுக்கு விழுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாகிவிடும். பழுது பார்க்கும்போது அது நடக்காது. பழைய ரெசின் எப்போதோ இறுகிவிட்டது. புதியது அதன் மேல் பிடித்துக்கொள்ள மட்டும்தான் முடியும். கொத்தாத பழைய சுவரில் சிமென்ட் பூசினால் எப்படி ஏடு ஏடாக உரிந்து வருமோ, தேய்க்காத ஃபைபரில் ஒட்டிய மேட்டும் அப்படியே வரும். ஆகவே பிடிப்புக்குச் சொரசொரப்பும் வேண்டும், அகலமும் வேண்டும்.

கனக்கணக்கையும் பாருங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் ஒன்று ரெசினில் ஊறி இறுகினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும். நீங்கள் கேட்கிற "ரெண்டு மேட்" 2 மில்லிமீட்டர். உங்கள் படகின் அடியில் 5 மில்லிமீட்டர் அறுந்திருந்தால் மீதி 3 மில்லிமீட்டருக்கு யார் பொறுப்பு?

விரிசல் சொல்லும் சேதி

விரிசலின் வடிவம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் பரவியிருந்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது. அடி வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே நங்கூரத்தைத் தொப்பென்று போட்டாலும் வெளியே நட்சத்திரம் தெரியும். பக்கம் பக்கமாக ஒரே திசையில் கோடுகள் ஓடினால் அந்த இடம் அலைக்கு வளைந்து வளைந்து அசந்துவிட்டது என்று பொருள். உள்ளே எட்டிப் பாருங்கள்: பெரும்பாலும் ஒரு குறுக்குச் சட்டமோ, விலா எலும்பு மாதிரியான வங்கோ அந்த இடத்தில் முடியும். வளையாத இடமும் வளைகிற இடமும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் ஃபைபர் முதலில் விட்டுக்கொடுக்கும். போல்ட்டைச் சுற்றி வளையமாக விரிசல் வந்தால் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், அல்லது வாஷர் சிறியது. படகின் அடிமுதுகான ஏரா நெடுக வருகிற கோடு கரையில் இழுத்ததன் பலன்.

காரணத்தை விட்டுவிட்டு விரிசலை மட்டும் சரிசெய்தால், அந்தக் காரணம் மறுநாள் காலையே வேலையைத் தொடங்கிவிடும். வளைகிற இடத்துக்கு உள்ளே தாங்கு வேண்டும். முனை கூர்மையாக முடிகிற சட்டத்தைச் சரிவாக்கி, அதன் மேல் அகலமாக அடுக்கு போட வேண்டும். வெளியே எத்தனை பூச்சு பூசினாலும் இதற்கு ஈடாகாது.

தட்டிப் பார்த்தல்

இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஐந்து ரூபாய் நாணயமோ, ஸ்பேனரின் கைப்பிடியோ, சின்னப் பிளாஸ்டிக் சுத்தியோ போதும். ஜெனரேட்டர் ஓடாத, பக்கத்தில் இன்ஜின் பார்க்காத நேரமாகப் பாருங்கள். விரிசலிலிருந்து ஒரு முழம் தள்ளி, நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நம்பும் இடத்தில் தட்டத் தொடங்குங்கள். "டங், டங்" என்று கூர்மையாகக் கேட்கும். விரல் அகலத்துக்கு ஒரு தட்டாக விரிசலை நோக்கி வாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் ஓசை மடிந்து "தொப், தொப்" என்று மாறும். அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி. மறுபடி வேறு பக்கத்திலிருந்து. நாலா பக்கமும் முடித்துப் புள்ளிகளைச் சேர்த்தால், உள்ளங்கை அளவு என்று நினைத்த சேதம் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக நிற்கும். அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கின்றன.

உள்ளே வங்கு இருக்கிற இடத்திலும், நுரை அடைத்த இடத்திலும் ஓசை இயல்பாகவே மாறும். குழம்ப வேண்டாம், படகின் மறுபக்கம் அதே இடத்தில் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஓசை என்றால் அது கட்டுமானம். ஒரு பக்கம் மட்டும் மாறினால் அது சேதம்.

உட்பக்கம் பெயின்ட் அடிக்காத படகாக இருந்தால் கண்ணாலும் பார்க்கலாம். அடி வாங்கிய இடத்தில் இழையும் ரெசினும் பிரிந்து வெளுத்திருக்கும். இருட்டிய பிறகு ஒருவர் வெளியே டார்ச் பிடிக்க, இன்னொருவர் உள்ளே பார்த்தால், ஊடுருவும் வெளிச்சத்தில் அந்த வெளுத்த திட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும்.

நீர்மட்டத்துக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே அழுத்தம் இருக்கும். புளித்த காடி வாடையோடு நீர் வந்தால், கடல்நீர் ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே போய் ரெசினைக் கரைக்கத் தொடங்கிவிட்டது. அதன் மேல் பெயின்ட் அடிப்பது அந்த நீரை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

பின்பலகை

இன்ஜின் மாட்டுகிற பின்பலகையை ஃபைபர் என்று நினைக்கிறோம். பெரும்பாலான படகுகளில் அது ஃபைபர் போர்த்திய மரம். போல்ட் துளை வழியாகவும், பிறகு யாரோ போட்ட திருகாணித் துளை வழியாகவும் தண்ணீர் உள்ளே போகிறது. போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மரம் மக்குகிறது, மேலே போர்த்திய ஃபைபர் அப்படியே நிற்கிறது.

சோதிப்பது சுலபம். இன்ஜினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அசைக்கும்போது இன்னொருவர் பின்பலகை படகின் பக்கங்களோடு சேரும் மூலையைப் பார்க்கட்டும். மூலையில் மயிரிழை திறந்து மூடினாலும் கவலைப்பட வேண்டியதுதான். துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்து கறை படிந்திருந்தால் இன்னும் உறுதி. சந்தேகம் தீர, உட்பக்கம் தாழ்வான இடத்தில் சின்ன டிரில் பிட்டால் மரம் வரை போகும்படி ஒரு துளை போட்டுத் தூளைப் பாருங்கள். வெளிர்நிறத் தூள் உலர்ந்து உதிர்ந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுத்து, ஈரமாக, பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் மரத்தை மாற்ற வேண்டியதுதான். எப்படி இருந்தாலும் துளையை உலர்த்தி அடைத்துவிட வேண்டும். மக்கிய பின்பலகையில் கூடுதல் குதிரைத்திறன் இன்ஜினை மாட்டுவது உயிரோடு விளையாடுவது. கழன்று விழுவது கரையில் நடக்காது.

ஓட்டையை நாங்கள் ஏன் பெரிதாக்குகிறோம்

இனி எங்கள் வேலை. "விரல் நுழையிற ஓட்டையக் கொண்டு வந்தேன், நீ தாம்பாளம் அளவுக்குக் குடைஞ்சு வச்சிருக்கியே" என்று கோபப்படுகிறவர்களுக்காக இந்தப் பகுதி.

முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவ வேண்டும். பிறகு கிரீஸும் டீசலும் அசிட்டோன் துணியால் போக வேண்டும். இதைச் செய்யாமல் கிரைண்டரை வைத்தால் அழுக்கைத் தேய்த்து உள்ளே ஏற்றியதாகிவிடும். அதன் பிறகு வெளுத்த இழை, பிரிந்த அடுக்கு, முன்பு யாரோ வைத்த பட்டி எல்லாம் போகும்வரை தேய்க்கிறோம். நல்ல ஃபைபர் கிடைத்ததும் ஓரத்தைச் சரிவாக்குகிறோம். கனத்தைப்போல் 12 மடங்கு சரிவு என்பது இந்தத் தொழிலில் ஏற்றுக்கொண்ட அளவு. அடிக்கனம் 5 மில்லிமீட்டர் என்றால் ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 60 மில்லிமீட்டர். விரல் நுழையும் ஓட்டை தாம்பாளமாவது இப்படித்தான். அந்தச் சரிவின் அகலம் முழுவதும் புது ஃபைபரின் பிடிமானம்.

அடுத்தது உலர்த்தல். அவசரக்காரர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். தேய்த்த இடத்தின் மேல் கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுக் காலையில் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஃபைபர் இன்னும் ஈரத்தைக் கக்குகிறது. அதன் மேல் ரெசின் போட்டு ஒரு பயனும் இல்லை.

அடுக்கும்போது மேட்டில் தொடங்கி, நெய்த இழைத் துணியான ரோவிங், மறுபடி மேட் என்று மாற்றி மாற்றிப் போகிறோம். ரோவிங் பலம் தரும். மேட் அடுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும். மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். ரெசின் கூடினால் பலம் கூடும் என்பது தவறு: இழையில்லாத ரெசின் கண்ணாடி மாதிரி உடையும். ஒவ்வொரு அடுக்கிலும் ரோலர் வைத்துக் காற்றுக் குமிழைத் துரத்த வேண்டும். ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் ஏற்றினால் ரெசின் தன் சூட்டிலேயே வெந்து சுருங்கும்.

மேலே பட்டி கடைசியில், மட்டம் பார்க்க மட்டும். கார் பட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கவே கூடாது. அது தண்ணீர் குடிக்கும். நடுக்கடலில் ஓட்டை விழுந்தால் எம்-சீல் வைத்து அடைத்துக் கரை சேருங்கள், அதில் தப்பில்லை. கரை சேர்ந்ததும் அதைத் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

வெயில், பனி, அவசரம்

ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. சித்திரை வெயிலில் குறைந்த பக்கம், மேகமூட்டத்தில் கூடிய பக்கம். "சீக்கிரம் இறுகட்டும்" என்று கண்ணளவாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும், சீக்கிரம் விரியவும் செய்யும். அதற்காகப் 10 மில்லிக்கும் கீழே குறைத்தால் முழுதாக இறுகவே இறுகாது. மழையிலும், கரையில் பனி இறங்கிய பிறகும் ரெசின் வேலை செய்யக் கூடாது. காலையில் ஈரம் காய்ந்து, வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும்.

தொட்டுப் பார்த்தால் சில மணி நேரத்தில் இறுகியதுபோல் இருக்கும். அலையில் மோதி மணலில் உரசுகிற பலம் அப்போது வந்திருக்காது. குறைந்தது ஒரு முழு நாள். பின்பலகையும் ஏராவும் என்றால் ஒரு வாரம் விட்டால் நல்லது.

இங்கே உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் அப்போது மேலே ஏறி வேலை முடித்துக்கொள்ளும். நாட்டுப்படகுக் கணக்கில் வரும் நம் ஃபைபருக்குத் தடையில்லை. பெரிய படகுகள் இல்லாத கடலில் நமக்கு நல்ல விலை கிடைக்கிற காலமும் அதுதான். அந்த நாளில் படகை நிறுத்தச் சொன்னால் யார் நிறுத்துவார்கள்? ஆகவே நிறுத்தும் நாளை நாமேதான் முன்கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு, கோடைத் தொழில் தொடங்குமுன் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

மருந்தும் தூசியும்

நீங்களே சின்ன வேலை பார்த்துக்கொள்வீர்கள் என்றால் இதை மட்டும் மறக்காதீர்கள். ரெசினில் சேர்க்கும் கோபால்ட் மருந்தையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே மூடி, ஒரே அளவுக்குப்பி வேண்டாம். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகும்: அந்த நொடியே நல்ல தண்ணீரில் விடாமல் 15 நிமிடமாவது கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மீதமான ரெசினைக் குவளையோடு மூலையில் வைக்காதீர்கள். அது தானாகவே சூடேறிப் புகையும். மணலில் மெல்லிசாகக் கொட்டி இறுகவிட்டு, பிறகு அள்ளிவிடுங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. கிரைண்டர் தூசியில் கண்ணாடி இருக்கிறது. தேய்க்கிறவனுக்கு மாஸ்க்கும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். காற்று போகும் பக்கத்தில் பெண்கள் கருவாடு காயப்போட்டிருந்தால் படகை நகர்த்துங்கள், அல்லது கருவாடு எடுக்கும்வரை காத்திருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது

படகைக் கரையேற்றும் முறையை மாற்றுங்கள். இன்ஜினை முறுக்கி மணலில் பாய்ச்சுவதும், டிராக்டரில் ஒற்றைக் கொக்கி மாட்டி இழுப்பதும் ஏராவைத் தின்கின்றன. கயிற்றை இரண்டு பக்கமும் பிரித்துக் கட்டி, அடியில் உருளை போடுங்கள். ஏராவில் தேயும் இடத்துக்கு வருஷா வருஷம் ஓர் அடுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இழை வெளியே தெரியும்வரை காத்திருக்காதீர்கள். தூண்டில் வளைவுக் கல்லில் படகு உரசினால், தண்ணீர் வராவிட்டாலும் அன்றைக்கே தட்டிப் பாருங்கள்.

விரிசல் கண்டால் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டு எங்களிடம் வராதீர்கள். படகை விற்கும்போதும் மறைக்காதீர்கள். அதில் ஏறிப் போகிறவனும் நம் கரைக்காரன்தான்.

வேலை கொடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். எதனால் உடைந்தது? எவ்வளவு தூரம் பிரிந்திருக்கிறது? எவ்வளவு கனம் எடுத்தாய், எத்தனை அடுக்கு திருப்பிப் போடுகிறாய்? எப்போது தள்ளலாம்? பதில் சொல்லாமல் பட்டி டப்பாவைத் திறக்கிறவனிடமிருந்து படகைத் திருப்பிக் கொண்டுபோங்கள். அது நானாக இருந்தாலும் சரி.

எல்லாப் படகையும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்பலகை மக்கி, வங்குகள் இரண்டு பக்கமும் விட்டு, அடி முழுக்க "தொப்" என்று கேட்டால், அதில் போடுகிற ஒவ்வொரு அடுக்கும் எடையைக் கூட்டுமே தவிரப் பலத்தைக் கூட்டாது. எடை கூடினால் எண்ணெய்ச் செலவும் கூடும். அப்படிப்பட்ட படகைப் பற்றி நான் "வேண்டாம்" என்று சொன்னால், வேலைக்குப் பயந்து சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம்.

நாள் கொடுக்கவே முடியாத நிலை வரும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வட்டிக்காரன், பாடு நன்றாக இருக்கும் வாரம். அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். தற்காலிகமாக அடைத்துத் தருகிறேன். ஆனால் ஒரு நோட்டில் இரண்டு பேரும் எழுதிக்கொள்வோம்: இந்தத் தேதியில் இந்த இடத்தில் போட்டது தற்காலிக வேலை, இதற்குள்ளே என்ன விடுபட்டிருக்கிறது, எந்தத் தேதிக்குள் திறந்து முழுதாகச் செய்ய வேண்டும். அந்தத் தேதி வந்தால் படகைக் கொண்டுவர வேண்டியது உங்கள் பொறுப்பு. செய்யாமல் விட்டதை முழுதாகச் செய்து கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் கரையிலேயே ஃபைபர் வேலை செய்கிறவன்